ஹார்ட் நார்மல்னா மூச்சு ஏன் வாங்குது?

கல்யாண மண்டபம் கட்டுறவங்க மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. தாலி கட்டுறது கீழ, பந்தி மாடில. லிஃப்ட் இருக்கும். ஆனா அதுல சாம்பார் வாளியும் சோத்து அண்டாவும்தான் போகும். மனுஷங்க படியில.

சரி, இன்னைக்குப் பஞ்சாயத்து அவங்களோட இல்ல.

போன முகூர்த்தத்துல ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்திக்குப் போற படியில பாதி ஏறினதும் ஒரு அத்தை (தூரத்து உறவு, எழுபது தாண்டினவங்க) கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. தோள்பட்டை ரெண்டும் ஏறி ஏறி இறங்குது. பேச முடியல. "நீங்க போங்க, நான் வர்றேன்"னு கையால சாடை மட்டும். பின்னாடி வந்த ஒரு மாமா, "வயசாச்சுல்லக்கா, மெதுவா வாங்க"ன்னு சொல்லிட்டு இலை பிடிக்க ஓடிட்டார்.

அவங்க மகன்கிட்ட கேட்டேன், எங்கயாச்சும் காட்டினீங்களான்னு.

"அதெல்லாம் பாத்தாச்சு. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு. ஹார்ட் நார்மல். வயசுதான்."

ஹார்ட் நார்மல். வயசுதான்.

இதே ரெண்டு வார்த்தைய எங்க வீட்டுலயும் கேட்டிருக்கேன், எங்க பெரியம்மா விஷயத்துல. அதான் அன்னைக்குப் பாயாசமே இறங்கல. (பொய். ரெண்டு தடவை வாங்கினேன். ஆனா கடுப்போடதான் குடிச்சேன்.)

பெரியம்மா கதையச் சொல்லிடுறேன். திண்டுக்கல் பக்கம் ஊரு. முப்பது வயசுல ஆரம்பிச்சு அறுபது தாண்டுற வரைக்கும் வீட்டு வாசல்ல இட்லிக் கடை. விறகடுப்பு. விடியுறதுக்கு முன்னாடியே அடுப்பு முன்னாடி உக்காந்தா, ஈர விறகா இருந்தா ஊதாங்குழல வச்சு ஊதி ஊதியே பொழுது விடியும். பீடி, சிகரெட், பொடி, வெத்தலை, எதுவும் கிடையாது. (பீடி டிபார்ட்மென்ட்ட பெரியப்பா தனி ஆளா நின்னு கவனிச்சுக்கிட்டார். அதுவும் அதே வீட்டுக்குள்ள.)

எங்க குடும்பமே பழனிக்குப் போற குடும்பம். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது பெரியம்மா படிப்பாதையிலதான் ஏறுவாங்க. 600 படிக்கு மேல. நாங்க பின்னாடி நாக்குத் தள்ளிட்டு வருவோம், அவங்க இடும்பன் சன்னதில நின்னுக்கிட்டு "என்ன பிள்ளைகளா, சோறு திங்குறீங்களா இல்லையா"ம்பாங்க.

அப்புறம் ஒரு வருஷம், "படி முட்டிக்கு ஆகல, யானைப்பாதையில போவோம்"னாங்க. சரின்னு போனோம்.

அப்புறம், "வின்ச்சுல கூட்டம் கம்மியா இருக்காம்"னாங்க. சரி.

அப்புறம், "அடிவாரத்துல ஆவினன்குடியில இருக்குறது மட்டும் வேற முருகனா? இங்கயே கும்புட்டுக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க."

போன தடவை, "நீங்களே போயிட்டு வாங்க தாயி, பஞ்சாமிர்தம் மட்டும் வாங்கிட்டு வாங்க."

ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம். முட்டி, கூட்டம், வெயில், பக்தி. ஒரு தடவை கூட "மூச்சு வாங்குது"ன்னு வாயில வரல. கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் இல்ல"தான் பதில். அது பொய்யும் இல்ல. மூச்சு வாங்குற வேலையையெல்லாம் ஒவ்வொண்ணா நிறுத்திட்டாங்க, அப்புறம் எங்க இருந்து வாங்கும்?

நான் இதுக்குப் பழனி ஸ்கேல்னு பேர் வச்சிருக்கேன். டாக்டர்களும் இப்படி ஒண்ணு வச்சிருக்காங்க, 0 முதல் 4 வரைக்கும். ஓடியாடி கஷ்டமான வேலை செஞ்சா மட்டும் வாங்கினா 0. வேகமா நடந்தாலோ, லேசான மேடு ஏறினாலோ வாங்கினா 1. சமதரையில சம வயசுக்காரங்களோட சேர்ந்து நடக்க முடியாம பின்தங்கினா, இல்ல தன் வேகத்துலயே நடந்தாலும் நின்னு நின்னு போகவேண்டி இருந்தா 2. ஒரு 100 மீட்டர்லயே நிக்க வேண்டி வந்தா 3. வீட்ட விட்டே கிளம்ப முடியல, சேலை கட்டுறதுக்கே வாங்குதுன்னா 4. பெரியம்மா 2-ல இருந்து 3-க்குப் போற வரைக்கும் நாங்க முட்டிக்குத் தைலம் தேய்ச்சிட்டு இருந்தோம்.

அதனால வயசானவங்ககிட்ட "மூச்சு வாங்குதா?"ன்னு கேக்குறது வேஸ்ட். "முன்னாடி செஞ்சு இப்போ விட்டது என்ன?"ன்னு கேளுங்க. மாடிக்குத் துணி காயப்போடப் போறது, சந்தைக்கு நடந்து போறது, குனிஞ்சு வாசல் பெருக்குறது. அந்தப் பட்டியல்தான் ரிப்போர்ட்.

இனி "ஹார்ட் நார்மல்" கதைக்கு வருவோம்.

ஒருநாள் கடைத்தெருவுல நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்கன்னு போன். எல்லாரும் ஓடினோம். ஈசிஜி, எக்கோ, ரத்தம். டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்ல, ஹார்ட் பம்பிங் நல்லா இருக்கு"ன்னார். அவ்ளோதான், குடும்பமே ஒரு பெருமூச்சு விட்டுச்சு. (விட முடிஞ்சவங்க.) சத்து மாத்திரையோட வீட்டுக்கு வந்தாச்சு. கொலையாளி இவன் இல்லன்னு தெரிஞ்சதும், அப்போ யாருன்னு யாருமே தேடல!

அப்புறம் சளி முத்திப்போய் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, நெஞ்சகப் பிரிவுல ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே வேற. "பாட்டி, எத்தன வருஷம் விறகடுப்புல சமைச்சீங்க?"

அடுத்தது, ஊதிப் பாக்குற டெஸ்ட். ஸ்பைரோமெட்ரி. மூக்குல கிளிப் மாட்டி, நல்லா இழுத்து, குழாயில வேகமா ஊதச் சொல்லி, ஒரு 6 செகண்டாவது விடாம ஊதணும். பக்கத்துல நிக்குற டெக்னீஷியன் தம்பி, "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும் இன்னும்"னு போடுற சத்தத்துல வெளிய உக்காந்திருந்த நாங்களே ஊத ஆரம்பிச்சுட்டோம். குறைஞ்சது மூணு தடவை. அப்புறம் மூச்சுக்குழாய விரிக்கிற மருந்தக் குடுத்து, கால் மணி நேரம் உக்கார வச்சு, திரும்ப முதல்ல இருந்து. பெரியம்மா வெளிய வந்து சொன்னது: "முப்பது வருஷம் அடுப்பு ஊதினது பத்தாதுன்னு இங்கயும் ஊத விடுறாளுக."

என்ன பாக்குறாங்கன்னா, நீங்க மொத்தமா ஊதுற காத்துல முதல் ஒரு செகண்ட்ல எவ்வளவு வெளிய வருது? மருந்து குடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா, குழாய் அடைப்பு நிலைச்சிருச்சுன்னு அர்த்தம். சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். (இதுல ஒரு சிக்கல் உண்டு. வயசாக ஆக இந்த விகிதம் இயல்பாவே கொஞ்சம் குறையும். 80 வயசு ஆளுக்கு 69 வந்துட்டா உடனே நோய்னு முத்திரை குத்தக் கூடாது. வயசு, உயரம், அறிகுறி எல்லாம் சேத்துத்தான் டாக்டர் முடிவு பண்ணுவார்.)

'வயசு' கட்சிக்காரங்களுக்கும் ஒரு நியாயம் பேசிடுறேன். இருபத்தஞ்சு, முப்பது வயசுக்கு மேல, அந்த முதல் செகண்ட் காத்து வருஷத்துக்கு 25-30 மில்லி அளவுக்கு எல்லாருக்குமே குறையத்தான் செய்யும். ஆனா நுரையீரல் தேவைக்கு மேலயே சேமிப்போட வர்ற உறுப்பு. வயசு மட்டும் காரணம்னா, சமதரையில நடந்து போற ஆள் பாதி வழியில நிக்க மாட்டாங்க. நின்னா வேற என்னமோ இருக்கு. நுரையீரலா இருக்கலாம், இதயமா இருக்கலாம், ரத்தசோகையா இருக்கலாம். ரெண்டு மூணு சேர்ந்தும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் கண்டுபிடிக்கலாம்ல?

இந்த ஊதுற மெஷின் புதுசும் இல்ல. லண்டன்ல ஜான் ஹட்சின்சன்னு ஒரு டாக்டர், 1846-லயே 2,000 பேருக்கு மேல ஊத வச்சு அளந்து கட்டுரை போட்டுட்டார். ஆயுள் காப்பீடு எடுக்க வர்றவங்க எவ்வளவு நாள் தாங்குவாங்கன்னு இத வச்சுக் கணிக்கலாம்னு அப்பவே சொன்ன மனுஷன். சுவாரசியம் என்னன்னா, அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்ங்கிற ஊர்ல 1948-ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. முழுக்க முழுக்க இதய நோய்க்கான ஆய்வு. பிரஷர், கொலஸ்ட்ரால்னு இன்னைக்கு நாம பயப்படுற பல விஷயங்கள அடையாளம் காட்டினது அதுதான். அந்த ஆய்வுக்காரங்களே 1983-ல எழுதினாங்க: ஊதுற திறன் குறைஞ்சவங்களுக்கு இதய நோய் வர்ற வாய்ப்பும் அதிகம்னு. இதயத்த ஆராயப் போனவங்க நுரையீரல்ல வந்து நிக்குறாங்க. நாம இன்னும் ரெண்டையும் வேற வேற டாக்டர், வேற வேற ஃபைல், வேற வேற மாடின்னு வச்சுக்கிட்டு அலையிறோம்.

ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குறது ஏன்னா, இதயத்தோட வலது பாதி ரத்தத்த அனுப்புற ஒரே இடம் நுரையீரல்தான். அங்க ஆக்சிஜன் குறைஞ்ச பகுதில இருக்குற ரத்தக்குழாய் தானா சுருங்கிக்கும். கொஞ்ச இடத்துல சுருங்கினா பரவால்ல. நுரையீரல் பூரா அப்படின்னா, வலது இதயம் முக்கி முக்கித் தள்ளணும். வருஷக்கணக்கா தள்ளித் தள்ளி அது சோர்ந்துபோனா கால் வீங்கும். "நடக்காம உக்காந்தே இருக்காங்கல்ல, அதான் வீக்கம்"னு அதுக்கும் நாம ஒரு காரணம் ரெடியா வச்சிருப்போம்.

இடது பாதியும் தப்பிக்காது. சிஓபிடில இழுத்த காத்து முழுசா வெளிய வராம உள்ளயே தங்கி, நுரையீரல் ஊதிப்போய் நிக்கும். பக்கத்துல இருக்குற இதயத்துக்கு இடமும் ரத்தமும் குறையும். 2010-ல வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு ஸ்கேன் எடுத்துப் பாத்தப்ப, மூச்சடைப்பு கூடக் கூட இடது இதயத்துல ரத்தம் நிரம்புறது குறையுதுன்னு தெரிஞ்சது. அதுவும் நோய் முத்தாதவங்களுக்கே! பம்பிங் மட்டும் 'நார்மல்'னே காட்டிட்டு இருக்கும்.

இதுக்கு மேல ரெண்டுக்கும் எதிரி ஒண்ணுதான். புகை. நுரையீரல் வழியா போற நுண்ணிய தூசி அங்க மட்டும் வீக்கத்த உண்டாக்காது, உடம்பு பூரா ரத்தக்குழாய்லயும் உண்டாக்கும். அதனால சிஓபிடி இருக்குறவங்களுக்கு இதய நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ரெண்டு மூணு மடங்கு. சளி முத்தி இளைப்பு கூடுற அந்த நாட்களும், அடுத்த சில வாரங்களும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் மோசமான நேரம். "சளிதானே, கஷாயம் குடிச்சா சரியாயிடும்"னு நாம விடுறோமே, அதே நேரம்.

பீடி குடிக்காத பொம்பளைக்கு எப்படி வரும்னு கேக்குறவங்களுக்கு: ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்துல 45 கிராமங்கள்ல, புகைபிடிக்காத 900 பெண்கள ஊத வச்சுப் பாத்து 2011-ல வெளியிட்டாங்க. ஏறக்குறைய 40 பேருக்கு ஒருத்தருக்கு சிஓபிடி இருந்துச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல அடுப்படில இருக்குறவங்களுக்கு இன்னும் கூடுதல். பழைய காசநோயும் ஒரு காரணம். டிபி முழுசா குணமான பிறகும் தழும்பு நுரையீரல்ல தங்கிடும். வீட்டுல பெரியவங்களுக்கு இளவயசுல டிபி வந்திருந்தா (நம்ம ஊர்ல அத வெளிய சொல்ல மாட்டாங்க, தோண்டித் துருவித்தான் கேக்கணும்) டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

"இப்பதான் எல்லா வீட்டுலயும் கேஸ் வந்துருச்சே"ம்பீங்க. வந்துருச்சு. சமையல் கேஸ்ல. குளிக்க வெந்நி? கொல்லையில விறகடுப்புதான! நெல்லு அவிக்க? மாட்டுக்குத் தவிடு காய்ச்ச? எங்க பெரியம்மா வீட்டுல இதுக்கு ஒரு போராட்டமே நடந்துச்சு. ஹீட்டர் வாங்கிக் குடுத்தோம். "கரண்டு வெந்நில உடம்பு வலி போகாது"ன்னுட்டாங்க. அண்ணன் கேஸ்லயே அண்டாவ வச்சார், சிலிண்டர் சீக்கிரம் தீந்ததும் அண்ணி வாபஸ் வாங்கினாங்க. கடைசில வந்த சமரசம்: அடுப்ப கூரைக்கு அடியில இருந்து திறந்தவெளிக்கு மாத்தியாச்சு. பத்த வைக்கிறது அண்ணன் வேலை. பெரியம்மா தீ தணிஞ்ச பிறகு வந்து வெந்நி மோந்துக்கலாம். முழு வெற்றி இல்ல. ஆனா ஊதாங்குழல் பரண் மேல போயிருச்சு.

அடுத்து கொசுவத்திச் சுருள். கட்டிலுக்கு அடியில, கதவ ஜன்னலச் சாத்திட்டு, விடிய விடிய. 2003-ல வந்த ஒரு ஆய்வுல அளந்து பாத்தாங்க: ஒரு சுருள் எரிஞ்சு முடிக்கும்போது வர்ற நுண்தூசி, 75-ல இருந்து 137 சிகரெட் எரிச்ச அளவு. வாழ்நாள்ல பீடி தொடாத மனுஷி தூக்கத்துல பாக்கெட் பாக்கெட்டா புகை இழுக்குறாங்க. கொசுவலை வாங்கிக் கட்டினோம். முதல்ல "பொணத்துக்குக் கட்டுற மாதிரி இருக்கு"ன்னாங்க. இப்போ அது இல்லாம தூங்குறதில்ல.

சரி, மருந்து. இங்கதான் காமெடி.

இன்ஹேலர் குடுத்ததுமே வீட்டுக்கு வந்த சொந்தமெல்லாம் ஒரே பாட்டு. "ஐயோ பம்பா? அது பழகிரும். மாத்திரையா கேளுங்க." இதுக்கு ஒரு சின்னக் கணக்கு. சால்ப்யூட்டமால் இன்ஹேலர் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்து 4 மில்லிகிராம் மாத்திரையாவும் இருக்கு. அதாவது ஒரு மாத்திரை, 40 அழுத்துக்குச் சமம். அது வயித்துக்குள்ள போய், ரத்தத்துல கலந்து, ஊரெல்லாம் சுத்தி, கையை நடுங்க வச்சு, இதயத்தப் படபடக்க வச்சுட்டு, கடைசில நுரையீரலுக்கு வரும். எது பயப்பட வேண்டிய சமாச்சாரம்?

மெடிக்கல்ல குடுக்குற 'செட்டு மாத்திரை' பத்தி எனக்குத் தனிக் கோவம். ரெண்டு வேளைக்குக் கலர் கலரா பொட்டலம். போட்டதும் இளைப்பு நின்னுடும், ராஜவைத்தியம்னு பேர் வாங்கிடும். அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். மாசக்கணக்கா அதையே வாங்கிப் போட்டா சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு தேயும். நுரையீரலக் காப்பாத்துறேன்னு இதயத்த அடகு வைக்கிற வேலை.

ஆனா இன்ஹேலர் கையில இருந்தா மட்டும் பத்தாது. பெரியம்மா முதல்ல அழுத்திட்டு, அப்புறமா நிதானமா வாயத் திறந்து இழுத்தாங்க. மருந்து பூரா மூக்குக் கண்ணாடியில போய்ப் படிஞ்சுது. அப்புறம் இழுத்துட்டு அழுத்தினாங்க. அப்புறம் ரெண்டையும் ஒண்ணா செஞ்சப்ப மூக்கு வழியா இழுத்தாங்க. டாக்டரம்மா ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் குடுவை மாட்டிக் குடுத்த பிறகுதான் சரியாச்சு. அழுத்தின மருந்து குடுவைக்குள்ள நிக்கும், நாம மெதுவா, ஆழமா இழுத்து, முடிஞ்சா 10 செகண்ட் அடக்கி விடலாம். அவசரத்துக்கு 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் அடியில ஓட்டை போட்டுச் செஞ்ச ஸ்பேசர் கூட வேலை செய்யும்னு 1999-லயே தென்னாப்பிரிக்காவுல ஆஸ்துமா குழந்தைங்ககிட்ட செஞ்ச ஆய்வு சொல்லியிருக்கு. ஸ்பேசரக் கழுவினா துணியால துடைக்காதீங்க, அப்படியே காய விடுங்க. துடைச்சா மின்னேத்தம் உண்டாகி மருந்து சுவத்துல ஒட்டிக்கும். ஸ்டீராய்டு இன்ஹேலர்னா இழுத்து முடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லன்னா நாக்குல வெள்ளையா பூஞ்சை வரும்.

பொடி கேப்சூல் போட்டு இழுக்குற வகை நேரெதிர். அத வேகமா, பலமா இழுக்கணும். மூச்சே பலம் இல்லாதவங்களுக்கு அது சரிப்படுமான்னு கேட்டுக்கணும். (எங்க தெருவுல ஒரு தாத்தா அந்த கேப்சூல தண்ணி ஊத்தி முழுங்கிட்டு, "இது சும்மா, ஒண்ணும் கேக்கல"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சார்.)

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. கண் அழுத்த நோய்க்குப் போடுற சொட்டு மருந்துல டிமலால்னு ஒண்ணு உண்டு. கண்ணுல விட்டாலும் உடம்புக்குள்ள போய் மூச்சுக்குழாயச் சுருக்கும், இதயத் துடிப்பக் குறைக்கும். சொட்டு மருந்த யாரு மருந்துன்னு சொல்றா? இதய டாக்டர், நெஞ்சு டாக்டர், கண் டாக்டர் மூணு பேருக்கும் ஒரே பையில எல்லா மருந்தையும் கொட்டிக் காட்டுங்க. அதே மாதிரி, இதயத்துக்குக் குடுக்குற மெட்டப்ரொலால், பிசப்ரொலால் மாத்திரைய "இளைப்பு வரும்"னு பயந்து நீங்களே நிறுத்தாதீங்க. இதயத்துக்குத் தேவைன்னு டாக்டர் குடுத்திருந்தா, பெரும்பாலான சிஓபிடிக்காரங்களுக்கு அந்த வகை ஒத்துக்கும். திடீர்னு நிறுத்துறதுதான் ஆபத்து.

அமெரிக்க இதயச் சங்கம் இதய ஆரோக்கியத்துக்கு 2010-ல ஏழு விஷயம் சொல்லுச்சு, 2022-ல தூக்கத்தையும் சேத்து எட்டாக்குச்சு. சாப்பாடு, நடமாட்டம், புகையிலைய விடுறது, தூக்கம், எடை, கொலஸ்ட்ரால், சர்க்கரை, பிரஷர். எட்டுல நுரையீரல்ங்கிற பேரே இல்ல. ஆனா புகையிலைய விடுறதும் நடக்குறதும் நல்லா தூங்குறதும் நுரையீரலுக்கும்தான். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை நம்ம ஊர்ல வீடு தேடியே வருது (மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சது). அதுக்கே பாதிப் பேர் "இன்னைக்கு நல்லாத்தான இருக்கு"ன்னு மாத்திரைய டப்பாவுல சேத்து வைக்கிறாங்க, அது வேற பஞ்சாயத்து.

எடை விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. குண்டா இருந்தா குறைக்கச் சொல்றது சரி. ஆனா சிஓபிடி முத்தினவங்க தானா இளைச்சுப் போவாங்க. மூச்சு விடுறதுக்கே அவ்வளவு சக்தி செலவாகும், சாப்பிடவும் மூச்சு வாங்கும். "பெரியம்மா ஒல்லியாயிட்டாங்க, நல்லதுதான்"னு சொன்னவரு வாய டாக்டரம்மா அடைச்சாங்க. சதை கரையுறது கெட்ட சேதி. முட்டை, மீன், பருப்பு, கொஞ்சம் கொஞ்சமா பல வேளை. ஊறுகாய், கருவாடு, அப்பளம் குறைவா. (கருவாட்டுக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.)

நடை, இதுதான் எல்லாத்தையும் விட வேலை செஞ்சது. மூச்சு வாங்குதுன்னு உக்காந்தா கால் சதை கரையும், சதை கரைஞ்சா கொஞ்ச வேலைக்கே இன்னும் மூச்சு வாங்கும். மொதல்ல காலையில கூட்டிட்டுப் போனோம். பனி, குப்பை எரிக்கிற புகை, இருமல்தான் மிச்சம். சாயங்காலத்துக்கு மாத்தினோம். தெருக்கோடி வரைக்கும் ஒரே மூச்சுல போகச் சொன்னா பயந்தாங்க. ரெண்டு மின்கம்பத்துக்கு நடுவுல நடந்து, நின்னு, உதட்டக் குவிச்சு மெதுவா ஊதி (மூக்கு வழியா இழுத்து, அதப் போல ரெண்டு மடங்கு நேரம் வாய் வழியா விடணும்), அப்புறம் அடுத்த கம்பம். இப்போ கோடி வரைக்கும் போய், அங்க ஒரு திண்ணையில அரை மணி நேரம் ஊர் நியாயம் பேசிட்டு வர்றாங்க.

ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் வயசானவங்களுக்கு, அதுலயும் இதயம், நுரையீரல் பிரச்சினை இருக்குறவங்களுக்கு, அவசியம் கேட்டுப் போட வேண்டியது. பேரனுக்குத் தேதி தப்பாம ஊசி போடுற வீட்டுல தாத்தா பாட்டிக்கும் ஊசி இருக்குன்னே தெரியாது.

பீடி விடாத தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை. "இந்த வயசுல இனிமே விட்டு என்ன ஆகப்போகுது"ங்கிறது தப்புக் கணக்கு. லண்டன் வேலைக்காரங்கள வருஷக்கணக்கா ஊத வச்சு ஃப்ளெட்சரும் பீட்டோவும் 1977-ல காட்டினாங்க: போன திறன் திரும்ப வராது, ஆனா விட்ட நாள்ல இருந்து இறங்குற வேகம் மத்தவங்க அளவுக்குக் குறைஞ்சிடும். எந்த வயசுல விட்டாலும். இதயத்துக்கு லாபம் இன்னும் சீக்கிரம்.

ஊதிப் பாக்குற டெஸ்ட்டுக்குப் போறவங்க, சமீபத்துல கண் ஆபரேஷனோ மாரடைப்போ ஆகியிருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பலமா ஊதும்போது கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அழுத்தம் ஏறும், கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்வாங்க. வீட்டுல கொரோனா காலத்துல வாங்கின ஆக்சிமீட்டர் இருந்தா தூசி தட்டி எடுத்து வைங்க. மருதாணி, நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்து போகாத விரல்ல மாட்டுங்க. ஆனா எண் குறையுதுன்னு யாரையும் கேக்காம வாடகை சிலிண்டர் வாங்கி ஆக்சிஜனத் திறந்து விட்டுடாதீங்க. சிஓபிடிக்காரங்களுக்கு 88-ல இருந்து 92 வரைக்கும் இருந்தாலே போதும்னு டாக்டர்கள் வைப்பாங்க. அதிகமாக் குடுத்தா கரியமில வாயு ஏறி மயங்கிடுவாங்க.

கடைசியா ஒண்ணு. ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியாம திணறுறது, உதடு நீலமாகுறது, படுக்க முடியாம ராத்திரி எழுந்து உக்காந்துக்கிறது, நெஞ்சுல இறுக்கம், குளிர்ந்த வேர்வை, திடீர்னு குழம்பிப் பேசுறது. இதுல எது வந்தாலும் "விடியட்டும், பாத்துக்கலாம்"னு இருக்காதீங்க. 108-க்கு அடிங்க.